முதலில் தோன்றும் விடையைத் தாண்டி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு சிக்கல் வந்தால் முதலில் தோன்றும் தீர்வையே பிடித்துக்கொண்டு விடுவதாகவும், பல வழிகளை யோசித்துப் பார்க்கும்படி எல்லோரும் சொன்னாலும், அப்படி உட்கார்ந்தால் ஒன்று வேறெதுவும் தோன்றுவதில்லை அல்லது ஏராளமாகத் தோன்றிக் குழப்பமே மிஞ்சுகிறது என்றும் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அன்றாடச் சிக்கல்களில் மாற்று வழிகளை எப்படித் தேடுவது, எங்கே நிறுத்துவது என்பது அவருடைய கேள்வி.

அவர் சொல்லும் இரண்டு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கருத்து. நாம் ஒரு சிக்கலை வாய்விட்டுச் சொல்லும்போதே அதற்குள் ஒரு தீர்வை வைத்துச் சொல்லிவிடுகிறோம். பிறகு அந்தத் தீர்வின் சின்னச் சின்ன வேறுபாடுகளையே மாற்று வழிகள் என்று எண்ணிக்கொண்டு தேடுகிறோம். ஒரே தீர்வின் பத்து வடிவங்கள் கையில் இருந்தால் குழப்பம் வரும்; அதற்கு வெளியே எதுவும் கண்ணில் படாதபோது வறட்சி வரும். சிக்கலைச் சொல்லும் முறையை மாற்றினால் இரண்டும் பெருமளவு குறைகின்றன.

முதல் விடை ஏன் இவ்வளவு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது என்பதை ஆராய்ந்தவர்களில் உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் முக்கியமானவர். 1942-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் ஒரு குடக் கணக்கு வருகிறது. 21, 127, 3 ஆகிய அளவுகள் கொள்ளும் மூன்று குடங்களை மட்டும் வைத்துக்கொண்டு 100 அளவு நீர் எடுக்க வேண்டும். 127 கொள்ளும் குடத்தை நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒரு முறையும் 3-ஐ இரு முறையும் ஊற்றி எடுத்துவிட்டால் 100 நிற்கும். இதே வழியில் தீரும் கணக்குகளைத் தொடர்ந்து போட்டுப் பழகியவர்களிடம், பிறகு 23, 49, 3 என்ற குடங்களைக் கொடுத்து 20 அளவு கேட்டார். பழைய வழியிலும் இதற்கு விடை வரும். ஆனால் 23-லிருந்து 3-ஐ எடுத்தாலே வேலை முடிந்துவிடும். பழகியவர்களில் பெரும்பாலோர் நீண்ட வழியிலேயே போனார்கள்; பழக்கம் எதுவும் இல்லாமல் நேரே இந்தக் கணக்குக்கு வந்தவர்கள் குறுகிய வழியை எளிதில் கண்டார்கள். 28, 76, 3 என்ற குடங்களில் 25 எடுக்கச் சொன்ன கணக்கில் பழைய வழி செல்லவே செல்லாது. 28-இல் 3 போனால் 25 என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் பழகியவர்களில் கணிசமானோர் அதைத் தீர்க்காமலே விட்டுவிட்டார்கள்.

தேர்ச்சி இல்லாதவர்களின் குறை இது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மெரிம் பிலாலிச், பீட்டர் மெக்லியாட், ஃபெர்னான் கோபே ஆகியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, தெருவுக்குத் தெரு செஸ் வகுப்பு நடக்கும் சென்னையில் பலருக்கும் சுவையாக இருக்கும். தேர்ந்த செஸ் ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிலையைக் கொடுத்து, மிகக் குறைந்த நகர்வுகளில் வெல்லும் வழியைக் கேட்டார்கள். சொந்தக் காய்களே ராஜாவை அடைத்து நிற்க, குதிரை வந்து முடிக்கும் புகழ்பெற்ற ஐந்து நகர்வு வழி அதில் இருந்தது. அவ்வளவு பிரபலமில்லாத மூன்று நகர்வு வழியும் இருந்தது. பலர் ஐந்து நகர்வு வழியைக் கண்டதோடு நின்றுவிட்டார்கள். இன்னும் சிறந்த வழியைத் தேடிக்கொண்டுதான் இருந்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் கண்ணின் அசைவைப் பதிவுசெய்யும் கருவி வேறு கதை சொன்னது. பார்வை திரும்பத் திரும்ப முதல் வழிக்குரிய கட்டங்களிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பழகிய வழி செல்லாதபடி காய்களின் நிலையைச் சற்றே மாற்றிக் கொடுத்தபோது, மூன்று நகர்வு வழி அதே தரத்து ஆட்டக்காரர்களுக்குப் புலப்பட்டுவிட்டது.

இந்த ஆய்விலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. திறந்த மனத்தோடு யோசிக்க வேண்டும் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்வது போதாது. அந்த ஆட்டக்காரர்களும் தங்கள் மனம் திறந்திருப்பதாகவே நம்பினார்கள். முதல் வழியைப் பலகையிலிருந்து அகற்றினால்தான் பார்வை வேறிடத்துக்குப் போகிறது. ஆகவே முதலில் தோன்றிய தீர்வை ஒரு தாளில் முழுமையாக எழுதுங்கள். எழுதிவிட்டால் அது மறந்துபோய்விடும் என்ற பதற்றம் மனத்துக்கு இருக்காது. பிறகு அதற்குக் கீழே, இந்த வழி சட்டப்படி தடைசெய்யப்பட்டிருந்தால் நான் என்ன செய்வேன் என்று எழுதி, அதற்கு விடை தேடுங்கள். அற்பமான தந்திரம்போலத் தோன்றும் இதைவிடப் பயன்தரும் உத்தி ஒன்றை நான் அறியேன்.

இனி, சிக்கலைச் சொல்லும் முறைக்கு வருகிறேன். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் யாருக்கும் புரியக்கூடிய சிக்கலையே எடுத்துக்கொள்வோம். திருவான்மியூரில் பன்னிரண்டு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. ஏப்ரல் பிறந்ததும் போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், நீர் குறைகிறது. மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது. வாரத்துக்கு இத்தனை லாரித் தண்ணீர் என்று பராமரிப்புச் செலவு ஏறுகிறது. சங்கக் கூட்டம் கூடுகிறது. போரை இன்னும் ஆழமாகப் போடலாமா, வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்வியின்மேல் இரண்டு மணி நேரம் வாதம் நடக்கிறது. ஆழம் எத்தனை அடி, எந்த ஒப்பந்தக்காரர், மோட்டாரின் குதிரைத்திறன் என்ன, செலவை எப்படிப் பங்கிடுவது என்றெல்லாம் விவாதிப்பதால் பல வழிகளை ஆராய்ந்துவிட்டதாக எல்லோருக்கும் நிறைவும் ஏற்படுகிறது. உண்மையில் அங்கே ஆராயப்பட்டது ஒரே வழிதான். செய்யலாமா, வேண்டாமா என்ற வடிவில் கேள்வி வந்தாலே, மாற்று வழிகளின் கதவு ஏற்கெனவே சாத்தப்பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதே சிக்கலை வேறுவிதமாகச் சொல்லிப் பாருங்கள். நமக்கு வரும் நீர் குறைகிறதா, வந்த நீர் எங்கோ போகிறதா, தேவைக்கு மேல் செலவழிகிறதா, வரும் நேரமும் வேண்டிய நேரமும் பொருந்தவில்லையா என்று கேட்டால், ஒவ்வொரு கேள்வியும் வெவ்வேறு வகைத் தீர்வுகளைக் கொண்டுவருகிறது. இவற்றில் எது பொருந்தும் என்பதை வாதத்தால் முடிவுசெய்ய வேண்டிய தேவையும் இல்லை. பலவற்றை ஓர் இரவில் சோதித்துவிடலாம். எல்லோரும் உறங்கிய பிறகு மோட்டாரை நிறுத்தி, மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, விடியற்காலையில் முதல் குழாய் திறக்கும் முன் மறுபடி பார்க்க வேண்டும். மட்டம் குறிப்பிடத்தக்க அளவு இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்க் பெரும்பாலும் சத்தமில்லாமல் கசியும். அதில் கொஞ்சம் வண்ணப்பொடியைக் கலந்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் கொஞ்ச நேரம் கழித்துக் கீழே நிறம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ரப்பர் வளையத்தை மாற்றினால் தீரக்கூடிய கோளாறுக்கு ஆழ்துளை இயந்திரத்தை வரவழைக்கும் குடியிருப்புகள் உண்டு.

செலவழிவதைப் பொறுத்தவரை, தண்ணீர்ச் செலவை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கும் வழக்கமே ஒரு காரணமாக இருக்கலாம். வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்துவது குழாய்த் தொழில்நுட்பத்தைவிட மனிதர்களின் பழக்கத்தைத் தொடும் தீர்வு. ஆர்.ஓ. கருவி ஒரு பங்கு குடிநீர் தருவதற்கு அதைவிடக் கூடுதலான நீரைக் கழித்துத் தள்ளுகிறது. அந்த நீர் தரை துடைக்கத் தாராளமாகப் போதும். வரத்தைப் பொறுத்தவரை மழைநீர் இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 300 சதுர மீட்டர் மொட்டைமாடியில் அது 4,20,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 3,36,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரிகள் இருபத்தெட்டு. இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு உடனே துள்ள வேண்டியதில்லை. மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். நிலத்துக்குள் அனுப்பிய நீர் முழுவதும் நம் கிணற்றுக்கே திரும்பி வரும் என்ற உறுதியும் கிடையாது. ஆனாலும் திருவான்மியூர்போன்ற மணற்பாங்கான கடலோரப் பகுதியில் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. அங்கே ஆழத்திலிருந்து அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உள்ளே ஏறிக் கிணற்று நீர் உப்பாகிவிடும். அதாவது கூட்டத்தில் முதலில் தோன்றிய தீர்வே அந்த இடத்தில் சிக்கலைப் பெரிதாக்கக்கூடியது. தீர்வை இரண்டு மணி நேரம் விவாதித்தும் இது வெளியே வராமல் போகலாம். மாற்று வழியோடு ஒப்பிட்டால் உடனே வந்துவிடும். மாற்று வழிகளைத் தேடுவதன் பெரிய பயனாக நான் கருதுவது இதைத்தான்: முதல் தீர்வு தனியாக நிற்கும்போது தெரியாத குறை, பக்கத்தில் இன்னொன்று வந்து நிற்கும்போது தெரிகிறது.

இங்கே எண்ணிக்கையைவிட வகை முக்கியம் என்பதற்கு நகரத்தின் குடிநீர் வரலாறே சான்று. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகள் இருந்தாலும், நான்கும் அதே வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கின்றன. மழை பொய்த்தால் நான்கும் சேர்ந்தே வற்றும். 2019 கோடையில் அதுதான் நடந்தது. 1996-இல் வரத் தொடங்கிய கிருஷ்ணா நீர் ஆந்திர நீர்த்தேக்கங்களின் இருப்பைப் பொறுத்தது. 2004-இல் நடைமுறைக்கு வந்த வீராணம் திட்டம் காவிரிப் படுகையைப் பொறுத்தது. 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கு மழை தேவையில்லை, மின்சாரமும் பணமும் தேவை. 2003-இல் மாநிலம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு வேறொரு வகை. நான்கு ஏரிகளும் வறண்ட அந்தக் கோடையில் கைகொடுத்தவை அந்த நான்கைச் சாராத ஏற்பாடுகளே. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவந்ததும் அவற்றில் ஒன்று. அப்போது ஐந்தாவதாக அதே மழையை நம்பும் இன்னோர் ஏரியைச் சேர்த்திருந்தால் எண்ணிக்கைதான் கூடியிருக்கும். ஒவ்வொன்றின் செலவையும் சுற்றுச்சூழல் விளைவையும் பற்றி விவாதிக்க நிறைய இருக்கிறது, அது தனிப் பொருள்.

ஆகவே மாற்று வழிகளைப் பட்டியலிடும்போது ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது எதனால் தோற்கும் என்று ஒரு சொல்லாவது எழுதிப் பாருங்கள். மூன்று வழிகளும் ஒரே காரணத்தால் தோற்கும் என்றால் உங்களிடம் இருப்பது ஒரு வழிதான். தாம்பரத்திலிருந்து நந்தனத்துக்கு வேலைக்குப் போகிறவர் தினமும் தாமதமாகிறார் என்றால், ஜிஎஸ்டி சாலையில் பேருந்து, சொந்த இருசக்கர வண்டி, பகிர்வு கார் என்று மூன்றை எழுதுவார். மூன்றும் அதே சாலை நெரிசலில் நிற்கும். புறநகர் ரயிலில் கிண்டி வரை வந்து மெட்ரோவுக்கு மாறுவது வேறு வகை. வேலை நேரத்தை அரை மணி முன்னால் நகர்த்தக் கேட்பது இன்னொரு வகை. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடும் பொறுப்பை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வது மூன்றாவது வகை. அதற்கும் போக்குவரத்துக்கும் தொடர்பே இல்லை. யார் செய்வது, எப்போது செய்வது, எங்கே செய்வது, செய்யாமலே விட்டால் என்ன ஆகும் என்ற நான்கில் ஒன்றை மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் வேறு வகை ஒன்று அகப்படும். கடைசிக் கேள்வியை மக்கள் அதிகம் கேட்பதில்லை. அலுவலகங்களில் யாரும் படிக்காத வாராந்திர அறிக்கையை விரைவாகத் தயாரிக்கும் வழிகளைப் பற்றிப் பயிற்சி வகுப்பே நடத்துவார்கள்.

பலர் சேர்ந்து யோசித்தால் பல வழிகள் வரும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1950-களில் பரப்பிய கூட்டுச் சிந்தனை முறை (பிரெயின்ஸ்டார்மிங்) உலகெங்கும் பரவியது. ஆனால் 1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் ஆகிய மூவரும் அதைச் சோதித்தபோது, ஒன்றாக உட்கார்ந்து பேசிய நால்வரைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தால் யோசனைகள் கூடுதலாகவும் மேலானதாகவும் இருந்தன. பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதையே காட்டின. கூட்டத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது சொல்ல வந்தது நழுவிவிடும். முதலில் பேசியவர் போட்ட கோட்டிலேயே மற்றவர்களும் நடப்பார்கள். நம் சங்கக் கூட்டங்களில் வயதில் மூத்தவரோ, ஓய்வுபெற்ற பொறியாளரோ முதலில் பேசிவிட்டால் மரியாதை கருதியே மற்றவர்கள் வாயைத் திறப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முந்தைய நாளே ஒவ்வொரு வீட்டாரும் தமக்குத் தோன்றுவதைத் துண்டுத்தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுத்துவிட்டால், பேசத் தயங்கும் இல்லத்தரசியின் யோசனையும் மாடிப்படியைத் துடைக்கும் அம்மாவின் யோசனையும் பட்டியலில் ஏறும். குழாய் எங்கே கசிகிறது என்பது பல நேரங்களில் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் இந்தப் பயன் கிடைக்காது. முதல் பதிவைப் பார்த்துத்தான் இரண்டாவது பதிவு வரும்.

இனி, குழப்பத்தைப் பற்றி. எல்லா வழிகளையும் திரட்டி, எல்லாவற்றையும் எடைபோட்டு, மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதருக்கு இருக்கும் நேரத்துக்கும் கவனத்துக்கும் அது இயலாது என்பதை விளக்கினார். போதுமானது எது என்று முன்கூட்டியே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டு, அதை எட்டும் வழி கிடைத்ததும் தேடலை நிறுத்துவதே மனிதர்கள் செய்வதும் செய்யக்கூடியதும் என்றார். இதை நான் சற்று மாற்றிப் பரிந்துரைப்பேன். அளவுகோலை முதலில் எழுதுங்கள். வகையால் வேறுபட்ட மூன்று வழிகள் கிடைக்கும்வரை தேடுங்கள். கிடைத்ததும் தேடலை மூடிவிட்டு, அளவுகோலை எட்டும் வழிகளில் குறைந்த செலவில் பின்வாங்கக்கூடியதை முதலில் செய்து பாருங்கள். போர் போட்ட பணம் திரும்பாது. ஃப்ளஷ் டேங்கைச் சரிபார்த்ததில் இழப்பு ஒன்றுமில்லை. வரிசை இதிலேயே அமைந்துவிடுகிறது.

செலவு குறைவாக இருக்கும் இடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். இரண்டு மூன்றைச் சிறிய அளவில் ஒரே நேரத்தில் செய்து பார்க்கலாம். ஸ்டீவன் டவ்வும் அவருடன் ஸ்டான்ஃபோர்டில் பணியாற்றியவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இணைய விளம்பரம் ஒன்றை வடிவமைக்கப் பலரை அமர்த்தினார்கள். ஒரு சாரார் ஒவ்வொரு வடிவத்துக்கும் கருத்துக் கேட்டு அடுத்ததைச் செய்தார்கள்; மறுசாரார் பல வடிவங்களைச் சேர்த்துச் செய்து, அவற்றுக்கு ஒன்றாகக் கருத்துப் பெற்றார்கள். இரண்டாம் சாராரின் விளம்பரங்களே அதிகம் சொடுக்கப்பட்டன. அவர்கள் குறைகூறலைத் தங்கள்மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்வதும் குறைவாக இருந்தது. ஒரே யோசனையோடு வருகிறவர் அதன் வழக்கறிஞராகிவிடுகிறார். இரண்டு மூன்றோடு வருகிறவருக்கு ஒன்றைக் கைவிடுவது மானப்பிரச்சினையாவதில்லை. குடும்பத்தில் நடக்கும் பாதிச் சண்டைகளுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்யத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமையலறையில் எரிவாயு வாடை வந்தால் மூன்று வழிகளை யோசிக்கக் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேற வேண்டும். மதியம் என்ன சமைப்பது என்பதற்கும் இது வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் சிக்கல், பணம் பெரிதாகச் செலவாகும் முடிவு, செய்தபின் மாற்ற முடியாத முடிவு ஆகிய மூன்றுக்கும் மட்டும் தாளை எடுத்தால் போதும்.

தேர்ந்தெடுக்கப்படாத வழிகளைத் தூக்கி எறியாமல், எந்த நிலை வந்தால் அவற்றுக்கு மாறுவோம் என்பதையும் அதே தாளில் தேதியோடு குறித்துவையுங்கள். மேலே சொன்ன குடியிருப்பு கசிவுகளை அடைத்து, மீட்டர் பொருத்தி, மழைக்கு முன் மொட்டைமாடிக் குழாய்களைக் கிணற்றோடு இணைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரி முதல் வாரத்தில் கிணற்று நீர்மட்டம் இத்தனை அடிக்குக் கீழே போயிருந்தால் லாரிக்காரரிடம் முன்பதிவு செய்வது என்றும், மே மாதம் வரை அப்படிப் போகாவிட்டால் போரைப் பற்றிய பேச்சை அந்த ஆண்டுக்கு எடுப்பதில்லை என்றும் செப்டம்பர் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.